கார்விக் வீட்டு ஜூடித்

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்திரவதனாவின் வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு தழும்பு ஓடுகிறது. கயிற்றுத் தடிப்பில், கறுத்து, சற்றே மேடிட்டு. நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் அவள். இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டாள்.

நள்ளிரவு இல்லை. சுடுகாடு இல்லை. பட்டப்பகல். சிட்னி. 1976 டிசம்பர், தார் உருகும் வெயில்.

யாழ்ப்பாணத்தில் அவள் பிரக்கிராசி. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு காணி வழக்கும் உயில் வழக்கும் பேசியவள். கணவர் தேவராஜாவுக்கு செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை கிடைத்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவளுடைய சட்டப் படிப்பு இந்த நாட்டில் செல்லாது, திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். அதுவரை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஃபிளாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய சட்டக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர் தேவை. பிற்பகல் வேலை.

வீடு நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. சிவப்புச் செங்கல் வீடு, ஆள் இல்லாததுபோல் கிடந்தது. கதவைத் திறந்தவர் லெஸ்லி கார்விக். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவருடைய முன்னோர் அமெரிக்காவில், வர்ஜீனியாவில், இங்கிலாந்து அரசர் ஆண்ட காலத்திலேயே புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர்கள். அந்த வழியில் ஒருவர் தங்கம் தேடி ஆஸ்திரேலியாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அங்கே கோர்ட்டில் கிடந்த குடும்ப உயில்களையெல்லாம் இவர் பிரதி எடுத்து வரவழைத்திருந்தார். கொக்கி கொக்கியான கையெழுத்து. ஒரு வரிகூட அவருக்குப் பிடிபடவில்லை.

"ஒவ்வொரு அப்பனும் மகனுக்கு எதை விட்டுப் போனான், அதை எந்த வார்த்தையில் எழுதினான். அதுதான் எனக்கு வேண்டும்," என்றார். "வார்த்தை பிசகவே கூடாது."

சாப்பாட்டு அறை மேசையில் வேலை. கார்விக் எதிரே, சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போனாலும் முதுகு சுவரை விட்டு விலகாது. சுவரோடு சுவராக உரசிக்கொண்டுதான் நடப்பார். சமைக்கிற குசினியின் கதவுக்குக் குறுக்கே தடித்த பலகை ஒன்று ஆணி அடித்து இறுக்கியிருந்தது. டின் மீனைத் திறந்து மேசையிலேயே குளிராகச் சாப்பிடுவார்.

"குசினிக்குள் என்ன?"

"எலி."

அவள் காகிதக் கட்டை அவிழ்த்தாள்.

முதல் உயில் 1738ஆம் ஆண்டு எழுதியது. ஏபெல் கார்விக். நிலம், கட்டில், செப்புப் பானை, பசுமாடுகள். மாடுகளுக்குக் கீழே அதே வரிசையில் மனிதர்கள். அடிமைகளை இப்படி எழுதிவைப்பார்கள் என்று அவள் படித்திருந்தாள். ஆனாலும் ஒரு கன்றுக்குட்டிக்கு அடுத்தாற்போல் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தபோது விரல் அந்த வரியிலேயே நின்றது.

புரியாத கையெழுத்தை வாய்விட்டு வாசிப்பது அவளுடைய கோர்ட்டுப் பழக்கம். அப்படியே வாசித்தாள்.

"'ஜூடித் என்னும் அடிமையை, இப்போது அவள் எந்த நிலையில் இருக்கிறாளோ அந்த நிலையிலேயே, என் மகன் ஜானுக்கு...'"

டமார்.

குசினிக் கதவு உள்ளிருந்து அதிர்ந்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கார்விக்கின் கீழுதடு பிளந்து, இரத்தம் தாடையில் வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

"கடித்துக்கொண்டேன்," என்றார். "எழுதுங்கள். அந்த வரியை அப்படியே எழுதுங்கள்."

மறுநாள் எடுத்த இரண்டாவது உயில் மகன் ஜானுடையது. 1761. அதிலும் ஜூடித். அதே சொற்கள். அவள் வாசித்து முடிக்கவில்லை. கார்விக்கின் தலை சுவரில் போய் மோதியது. தானாக மோதியதல்ல. யாரோ நெற்றியில் கை வைத்துத் தள்ளியதுபோல... சுவரின் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

"தலைசுற்று," என்றார் கார்விக். இடது கண் ஏற்கனவே வீங்க ஆரம்பித்திருந்தது.

உயிலோடு மரண விசாரணைக் குறிப்பும் இருந்தது. உயில் எழுதிய மறுநாள் ஜான் கார்விக்கைச் சாப்பாட்டு மேசையில் கண்டெடுத்தார்கள். கழுத்து முறிந்திருந்தது. முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

மூன்றாவது உயில், 1790. ஜானின் மகன் எழுதியது. அதிலும் ஜூடித்.

சந்திரவதனா பேனாவைக் கீழே வைத்தாள். முதல் உயிலின்போது ஜூடித்துக்கு இருபது வயது என்று வைத்தாலும் இந்த உயிலின்போது எழுபதுக்கு மேல். வீட்டுச் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மாடு, குதிரை, ஒடிந்த கதிரை, பால் குடிக்கிற குழந்தை என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருந்தார்கள். ஜூடித்தின் பெயருக்கு நேரே மட்டும் விலை இல்லை. வெறுமை.

"அம்மாவின் பெயரை மகளுக்கு வைத்திருப்பார்கள்," என்றார் கார்விக்.

"அந்த மூன்றாவது ஆள் எப்படிச் செத்தார்?"

அவர் விசாரணைக் குறிப்பை அவள் பக்கம் தள்ளினார். குறிப்பில் இருந்தது. முதுகில் தோல் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் தேவராஜா அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வதனா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. அந்த மனிசனுக்கு ஒவ்வொரு நாளும் புதுசு புதுசா காயம் வருது."

"விழுந்து எழும்புற வயசுதானே?"

"இல்லையப்பா. நான் வாசிக்க வாசிக்க வருது."

தேவராஜா சிரிக்கவில்லை. "விட்டுப்போடும் அந்த வேலையை."

"ஓம். ஒரு கட்டுத்தான் மிச்சம். முடிச்சுப்போட்டு வாறன்."

அந்தக் கடைசிக் கட்டு உயில் அல்ல. கோர்ட்டுப் பதிவு. மறுநாள் அதை அவள் மனதுக்குள் மட்டும் வாசித்தாள். உதடுகூட அசையவில்லை.

1736. ஏபெல் கார்விக் தன் அடிமைப் பெண் ஜூடித்தைக் குசினித் தூணில் கட்டிவைத்தான். ஏதோ ஒரு பானையை உடைத்தாளாம். விடிந்ததிலிருந்து நடுப்பகல்வரை சவுக்கால் அடித்தான். கை ஓய்ந்தபோது உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு எழுந்து மறுபடி அடித்தான். அவள் செத்தாள். தன் உடைமையைத் தான் திருத்தியது குற்றமல்ல என்று கோர்ட்டு அவனை விடுவித்தது. அன்று மாலையே அவளைப் புதைத்தார்கள்.

1736இல்.

முதல் உயிலுக்கு இரண்டு வருடம் முன்பு.

"மிஸ்டர் கார்விக்..." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இவர்கள் எழுதிவைத்தது... செத்துப்போனவளையா?"

கார்விக் அவளைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி.

"புதைத்த அன்றே குசினிக்குத் திரும்பி வந்துவிட்டாள். போகவே இல்லை. யாருக்கு எழுதிவைக்கிறோமோ அவனிடம் போவாள். எழுதியவனை ஒரே நாளில் முடித்துவிடுவாள். என் அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. உயிலில் எழுதாமலே செத்துப்போனார். அதனால் அவள் தானாகவே என்னிடம் வந்தாள்." மூச்சு வாங்கினார். "எழுதாதவனை அவள் முடிப்பதில்லை. வைத்துக்கொள்வாள்."

முதல் தடவையாகச் சுவரை விட்டு நகர்ந்தார். திரும்பிச் சட்டையைத் தூக்கினார்.

முதுகென்று ஒன்று இல்லை. ஆறியதன்மேல் பிளந்தது, பிளந்ததன்மேல் ஆறியது. உழுத வயல்போல் கிடந்தது.

"நாற்பது வருஷத்துக்கு மேலாக," என்றார். "இன்று காலை என் உயிலை எழுதிக் கையெழுத்துப் போட்டு சொலிசிட்டருக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் எடுத்துக் கொடுத்த வார்த்தைகள்தான். என்னை மன்னித்துவிடுங்கள்."

எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை.

கிரீச்...

குசினிக் கதவின் பலகையிலிருந்து ஓர் ஆணி வெளியே வந்தது. மெல்ல. யாரோ நகத்தால் இழுப்பதுபோல. தரையில் விழுந்து உருண்டது.

இன்னோர் ஆணி.

பலகை விழுந்தது.

கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வெயில் தெரிந்தது. தூசி படிந்த அடுப்புத் தெரிந்தது. ஆறிப்போன சாம்பல் மணம் வந்தது.

கார்விக்கின் இரண்டு கைகளும் மேலே போயின. தானாக. மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கால் நுனி தரையில் தேய்ந்தது.

விஷ்க்... சளார்!

சட்டையில் ஒரு சிவப்புக் கோடு.

சளார்!

அவர் அலறினார். மனிதக் குரலே இல்லை.

சளார்! சளார்!

இரத்தம் சுவரில் தெறித்தது. மேசையில். காகிதங்களில். சந்திரவதனாவின் கன்னத்தில், சூடாக...

ஓடவேண்டும். ஓடவில்லை. அவள் பாய்ந்தாள்.

"விடு! விடு அவரை!"

கையைக் குறுக்கே நீட்டினாள்.

சளார்!

எலும்புவரை எரிந்தது. விழுந்தாள்.

பிறகு... நின்றது.

அடி நின்றது. யாரோ அவள் மேல் குனிந்தார்கள். முகத்தருகே மூச்சு. நீண்ட, களைத்த மூச்சு. அவளைப் பார்த்துக்கொண்டே...

அவள் கண்ணை மூடினாள்.

மறுபடியும் தொடங்கியது. அவள்மேல் இல்லை. கார்விக்மேல். அலறல் முனகலானது. முனகலும் அடங்கியது. அதன் பிறகும் அடி விழுந்தது. ஈரமான சத்தம்...

கடைசியில் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசை அழைத்திருந்தார். அவர்கள் வந்தபோது சந்திரவதனா முன்வாசலில், கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். ஆனால் வீட்டில் சவுக்கு இல்லை, கம்பு இல்லை, கயிறுகூட இல்லை. சட்டையைக் கழற்றிய வைத்தியர் அதை நெடுநேரம் கையில் பிடித்துப் பார்த்தாராம். முதுகு கிழிந்து விலாவெலும்பு தெரிந்தது. இரத்தத்தில் ஊறிய அந்தச் சட்டையில் ஒரு கிழிசலும் இல்லை.

காரணம் தெரியவில்லை என்று எழுதி விசாரணையை மூடினார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் அவள் என்னிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டாள்.

கை ஆறிக்கொண்டிருந்தபோது சொலிசிட்டர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கார்விக்கின் உயிலில் அவளுடைய பெயரும் இருக்கிறது, வர முடியுமா என்றார். போனாள். நல்ல மனிதர், இளைஞர், சிரித்த முகம்.

"வேடிக்கையான வரி, மிஸஸ் தேவராஜா. அவர் வீட்டில் பூனை ஒன்றும் இருக்கவில்லையே? ஏதாவது ஓவியத்தின் பெயராக இருக்குமோ?"

காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் எடுத்துக் கொடுத்த அதே வார்த்தைகள். ஒரு சொல் பிசகவில்லை. ஜூடித். அவள் எந்த நிலையில் இருக்கிறாளோ அந்த நிலையிலேயே. திருமதி சந்திரவதனா தேவராஜாவுக்கு.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அவள் பிரக்கிராசி. கேட்கவேண்டியது தெரியும்.

"எனக்கு வேண்டாமென்று எழுதித் தரலாம், இல்லையா?"

"தாராளமாக. அப்படியானால் அது மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும்."

"மீதி ஆருக்கு?" பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. திருத்திக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓ, அது நல்ல விஷயம்." அவர் புரட்டிப் பார்த்தார். "வீடு உட்பட எல்லாம் ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு. முப்பது பிள்ளைகள் இருக்கிறார்களாம்."

சந்திரவதனா கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டாள். வெளியே யாரோ காரின் ஹாரனை அழுத்தினார்கள். சொலிசிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் பேனாவை வாங்கினாள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

ரயிலில் அவள் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தார்களே தவிர உட்காரவில்லை.

தேவராஜா வேலையிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. ஃபிளாட்டின் கதவைத் திறந்தாள். உள்ளே நுழையவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி, சுவரோரமாக நின்றாள்.

"எனக்கு ஒருத்தரையும் சொந்தமா வைச்சிருக்க விருப்பமில்லை," என்றாள், தமிழிலேயே. "அப்பிடி வைச்சிருக்க எனக்குத் தெரியவும் தெரியாது. விருந்தாளியா எண்டால்... வாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றுமே இல்லை...

பிறகு, உள்ளே, குசினியில், ஒரு கதிரை இழுபட்டது. யாரோ பாரமாக உட்கார்ந்தார்கள்.