பதினொன்றாவது கார்

எங்கள் குடும்பம் கார் விற்கிற குடும்பம். அப்பா அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளை வாங்கி விற்றார். நான் ஒரு கம்பெனியின் ஏஜென்சி எடுத்தேன். இப்போது மகன் கண்ணாடி போட்ட ஷோரூமில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டு வாசலில் பதினொரு கார் நின்றிருக்கிறது. ஒன்றுகூடப் புதிது இல்லை.

அது அப்பா வைத்த வழக்கம். "புது வண்டி கஸ்டமருக்கு. அவன் விட்டுட்டுப் போறது நமக்குப் போதும்" என்பார். சொந்தக்காரர்கள் இதை எளிமை என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எக்ஸ்சேஞ்சில் வருவதில் எது நன்றாக ஓடுகிறதோ அதைத்தான் வீட்டுக்கு ஒதுக்குவோம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பதினொன்றாவதாக வந்தது ஒரு வெள்ளைக் கார். அதை விட்டுவிட்டுப் போனவர் ஆவடியில் டிஃபென்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இஞ்சின் போயிடுச்சு அங்கிள், ஸ்கிராப்புக்குத்தான் போகும்" என்று மகன் அவரிடம் விலையைக் குறைத்தபோது நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை இறக்கவில்லை.

போன மாதம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் அந்தக் காரிலிருந்து இறங்குகிறேன், எதிரே அவர். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது இன்னும் ஓடுதா?"

"ஏதோ ஓடுது. ரொம்பத் தொல்லை" என்றேன்.

பந்தியில் இலையைப் பார்த்தேனா, அவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்தேனா! அவசரமாக முடித்துக்கொண்டு வெளியே வந்தால், எனக்கு முன்னால் வந்து ஷேர் வேனுக்காக நிற்கிறார். எங்களிடம் வாங்கிய புது வண்டி எங்கள் சர்வீஸிலேயே நிற்கிறதாம், மூன்றாவது தடவையாக. பேசாமல் போயிருக்கலாம். "ஏறுங்க, விட்டுடறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் வீடு திருநின்றவூரில்.

பின்சீட்டில் ஏறினார். இடது பின்கதவைச் சற்றே தூக்கி, மெல்லச் சாத்தினார். அப்படிச் செய்தால்தான் அது மூடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று.

வழி நெடுக எனக்கு ஒரே வேண்டுதல்தான். வண்டி ஒரு தடவையாவது இருமட்டும், நடுரோட்டில் நிற்கட்டும். ஆவடி வரை ஆறு சிக்னல். ஒன்றிலும் அணையவில்லை. டாஷ்போர்டில் அவர் ஒட்டியிருந்த சிலுவையைப் பிய்த்த பசைத் தடம் இருந்தது. அதன் மேல் நாங்கள் வைத்த பிள்ளையார் அதை முழுதாக மறைக்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் மனைவி ஓடி வந்தார்.

"இன்னாங்க, நம்ம வண்டி! ஸ்கிராப்புக்குப் போவுதுன்னீங்களே?"

"சார் இஞ்சினை மாத்தியிருப்பாரு" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"மாத்தலீங்க" என்றேன். "ஆயில் மட்டுந்தான் மாத்தினோம்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். அவர் இறங்கி, கதவைத் தள்ளினார். தூக்கவில்லை, வெறுமனே தள்ளினார். அது மூடவில்லை. இருவரும் உள்ளே போய்விட்டார்கள். நான் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தூக்கிச் சாத்தினேன்.