சூனியக்காரியின் கஷாயம்

பாடாங் மேஹா ஊரில் சாலையோரம் ஒரு வேப்பமரம். அடியில் சூலம், அதன் முன்னால் அடுப்பு. செல்வி அக்கா துளசி, இஞ்சி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் முதல் குவளையைக் காளிக்கு வைக்கிறார். அடுத்தது எனக்கு. பெஞ்சில் என்னோடு நாலைந்து பேர் குடிக்கிறார்கள்.

அக்காவின் கணவர் இறந்ததும், இனி இதைக் கோயிலில் காய்ச்சக் கூடாதென்று கோயில் தலைவர் விரட்டிவிட்டாராம்.

"சூனியக்காரின்னு வேற சொன்னாரு தம்பி. சொல்லட்டும்லா. காளி என்கூடத்தானே வந்துட்டா!"

கார் ஒன்று நிற்கிறது. அந்தத் தலைவரேதான். கண்ணாடியைப் பாதி இறக்கி இருமுகிறார்.

"நெஞ்சுல சளிம்மா. பிளாஸ்டிக் பையில ஒன்னு புங்குஸ் பண்ணிக் கொடு, வீட்டுல போய்க் குடிச்சுக்கறேன்."

அக்கா எழவே இல்லை.

"சூனியக்காரிகிட்ட புங்குஸ் கிடையாதுண்ணே. இறங்கி வந்து, எல்லார் முன்னாடியும் குடிங்க."

நான் நகர்ந்து, பெஞ்சில் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் பக்கத்தை அவருக்கு விடுகிறேன்.