இடம் மாறிய ஏழு

எந்த எண்ணைப் பார்த்தாலும் அக்காவின் இரண்டு கைகளும் அசைய ஆரம்பித்துவிடும். முதல் இலக்கம் இடது கை விரல்கணுக்களில், அடுத்தது வலது கையில், மறுபடி இடதில். கடைசியில் இரண்டு கையும் ஒரே தொகையில் நின்றாலோ, வித்தியாசம் பதினொன்றாக இருந்தாலோ, அந்த எண் பதினொன்றால் வகுபடும். அக்காவின் முகமும் தெளியும்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ‘பதினொண்ணு’ என்று பட்டப்பெயர். ரத்த மாதிரிக் குழாய்களின் எண்ணைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. நான் எதிர்மேசை.

ஒவ்வொரு குழாயிலும் பத்து இலக்க எண். எல்லாமே ஒன்பதின் மடங்கு, இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கவும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. அவை பதினொன்றின் மடங்கும்கூட என்று யாரும் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் அக்கா தானே கண்டுபிடித்தது அது.

எங்கள் கூடத்தில் சீட்டு அச்சடிக்கும் இயந்திரம் படுத்துக்கொண்ட ஒரு காலையில், கையால் எழுதிய சீட்டோடு குழாய் ஒன்று வந்தது. 5831407242. ஏழின் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு. அக்கா அதைத் தனியே வைத்தார்.

மேற்பார்வையாளர் வந்து கூட்டிப் பார்த்தார்.

“முப்பத்தாறு. ஒன்பதால போகுது. அப்புறம் என்னம்மா?”

“இடம் மாறினா கூட்டுத்தொகை மாறுமா சார்? ஒரு பக்கம் இருபத்திமூணு, ஒரு பக்கம் பதிமூணு. பத்து இடிக்குது. இந்த ஏழும் பக்கத்துல இருக்கிற ரெண்டும் மாறிப்போச்சு. வேற எந்தப் பக்கத்து ஜோடியை மாத்தினாலும் சரிவராது.”

“பெரிய கணக்குப் புலி. ஏத்துங்கம்மா. இல்லேன்னா கீழே குழாய் கழுவுற இடம் காலியாத்தான் இருக்கு.”

அந்த நாற்காலிக்காக அக்கா தபாலில் படித்துத் தேர்வு எழுதியவர். பேசாமல் ஏற்றியிருக்கலாம். யாரோ ஒருவரின் ரத்தம் ஆளில்லாத எண்ணில் போய்ச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதானே! அவர் குழாயை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். அங்கே பட்டியலில் 5831402742 இருந்தது. அறுவை சிகிச்சைக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு பெண். அவள் ரத்தம் மட்டும் வந்து சேரவில்லை என்று செவிலியர் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவரின் மேசையில் மேற்பார்வையாளர் கைப்பட எழுதிய கடிதம் கிடந்தது. அனுமதியின்றி இருக்கையை விட்டது குற்றமாம். மறுநாள் முதல் கழுவும் அறை. குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. எண் தப்பு என்பதைவிட, அது தப்பென்று ஒரு பெண் விரல்விட்டு எண்ணிச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“கையெழுத்துப் போடாதீங்கக்கா” என்று மட்டும் முணுமுணுத்தேன்.

அக்கா கடிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்திட்டார்.

“விடுப்பா. அந்தப் பொண்ணு ஏதாவது சாப்பிட்டிருக்குமா இந்நேரம்?”

நான்கு மாதம் கழித்து, அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் பார்த்தேன். தேதி பதினேழு. அந்த ஏழின் வயிற்றிலும் அதே குறுக்குக் கோடு.