நான் தாழ்த்திய கார்

என்னைவிடப் பெரிய மடையன் அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் இருந்திருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால் அவனும் நானும் கட்டாயம் சிநேகிதர்கள் ஆகியிருப்போம். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதில், என் மாமாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவருடைய காரை யாருக்கும் தெரியாமல் நாலு விரற்கடை தாழ்த்தி வைத்தேன். அதுவும் ஒரு பக்கம் மட்டும். கல்யாண வீட்டுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று மனதார நம்பித்தான் செய்தேன். அதனால்தான் இன்றைக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்திருந்தால் இதற்குள் நூறு பேரிடம் பெருமையடித்திருப்பேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பலில் இஞ்சினியர். எட்டு மாதம் கடலில் இருப்பார். மிச்ச நாள் காருக்கு அடியில் இருப்பார். அந்தக் கார், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், மேற்கூரை கிடையாது, இரண்டே இரண்டு சீட்டு. தரையோடு தரையாக அது ஊர்ந்து வருவதைப் பார்த்தால் தெருவே வாசலுக்கு வரும்.

கல்யாணம் நிச்சயமானதும் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நான்கு ஷாக் அப்சார்பர்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குக் கீழே மரை போட்ட ஒரு வளையம். கொக்கி மாதிரி ஒரு ஸ்பானரால் அந்த வளையத்தை மேலே திருகினால் கார் உயரும், கீழே இறக்கினால் தாழும். பழையவற்றைக் கழற்றி இவற்றை மாட்டியபோது, கார் இன்னும் தாழ்ந்து நிலத்தை முத்தமிடப் போகிறது என்று நான் காத்திருந்தேன். மாமாவோ வளையங்களை மேலே மேலே திருகினார்.

மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. வளையத்தைத் திருகி, ஜாக்கியை இறக்கி, ஸ்பிரிங் படிவதற்காகக் காரை முன்னும் பின்னும் உருட்டுவார். பிறகு என்னை இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, மடியில் அரை மூட்டை உப்பையும் ஏற்றுவார். என் எடை போதாது என்று ஒருவர் சொன்னது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அப்புறம் பென்சில் கோடு போட்ட ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி, சீட்டின் உயரத்தை அதோடு ஒத்துப்பார்ப்பார்.

"இது என்ன அளவு மாமா?"

"சரியான அளவு. ஆடாத."

நான் ஆடவில்லை. அடுத்த நாள் என் கூடப் படித்த திரேஸ்புரத்துப் பையன் வந்து காரைச் சுற்றிப் பார்த்ததுதான் வினை. அவன் அப்பாவுக்குத் தோணியில் வேலை. எங்கள் ஊரில் தோணியைப் பார்த்ததுமே அதன் பவுசைச் சொல்லிவிடுவார்கள். தண்ணீரில் அமுங்கி வந்தால் நிறையச் சரக்கு. மிதப்பாக நின்றால் காலி. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஏலே, ஒங்க மாமா காரு சரக்கெறக்குன தோணி மாதிரில்லா நிக்கி! இதுலயா பொண்ணக் கூட்டிட்டு வரப் போறாவ?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாளைக்கு மாதா கோயில் வாசலில் ஊரே கூடும். எங்கள் குடும்பம் காலித் தோணியில் வந்து நிற்பதா?

அன்று மத்தியானம் மாமா பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனார். அவர் அங்கே தன் பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே என் பாவத்தைச் செய்தேன். சுவரோரமாக, யார் கண்ணிலும் படாமல் இருந்த இடப்பக்கத்தில் ஆரம்பித்தேன். ஜாக்கியைத் தூக்கி, ஸ்பானரை மாட்டி, அதில் என் முழு உடம்பையும் தொங்கவிட்டேன். வளையம் கிறீச்சென்று இறங்கியது. இரண்டு சக்கரம் முடிந்ததுமே அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு. மற்ற இரண்டு சக்கரங்களை மறந்துவிட்டேன்.

மறுநாள் மாமா வீட்டாரோடு வேறு காரில் கோயிலுக்குப் போய்விட்டார். அவருடைய கப்பல் சிநேகிதர் பூச்சரம் சுற்றிய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடப்பக்கம் அழகாக அமுங்கி நின்றது. மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிய தோணி மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தது உண்மைதான். சரக்கு சரக்குதானே.

பூசை முடிந்தது. பேண்டு முழங்க மாமாவும் புது அத்தையும் படியிறங்கி வந்தார்கள். அத்தை மெதுவாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்து வந்தாள். கல்யாணப் பெண் என்றால் அப்படித்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

கார்க் கதவைத் திறந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாத விஷயம் இது: சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அத்தையின் வலது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. தாழ்வான இடத்தில் அவளால் தானாக உட்கார முடியாது. அவள் வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் உட்காருவாள், எழுந்திருப்பாள். மாமாவின் குச்சியில் இருந்த பென்சில் கோடு அந்த நாற்காலியின் உயரம். கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று மாமா கேட்டபோது, அந்தத் திறந்த காரில் தானாக ஏறி உட்கார்ந்து கடற்கரை ரோடு வழியாக வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் அவள் கேட்டிருக்கிறாள். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அத்தையின் அண்ணன்மார் இருவரும் கோட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"மாப்ள, நீங்க ஒதுங்குங்க. நாங்க தூக்கி உள்ள வச்சிருதோம். எங்களுக்குப் பழக்கந்தான்."

"என்னையத் தூக்குனது போதும்ணே," என்றாள் அத்தை. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பேண்டு வாத்தியம் ஒரு கணம் தயங்கியது.

யாரோ பின்னாலிருந்து, "ஒரு தலையாணி போட்டா முடிஞ்சி போச்சி!" என்றார்.

"பட்டுச் சேலைக்கு வழுக்கும் அண்ணாச்சி," என்று அதற்கும் பதில் சொன்னாள்.

மாமா குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்தார். வளையத்தில் ஸ்பானர் வழுக்கிய கீறல்கள் புதிதாகப் பளபளத்தன. நிமிர்ந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் என் மேல் வந்து நின்றது. ஊரே கல்யாணப் பெண்ணைப் பார்க்க, நான் ஒருவன் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"டிக்கியத் தொறலே. ஜாக்கிய எடு."

கோட்டைக் கழற்றி என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மாமா கோயில் வாசல் மண்ணில் மல்லாந்து காருக்கு அடியில் போனார். பூசை வைத்த சாமியார் படியில் வந்து நின்று, "என்ன இஞ்சினியர், கல்யாணம் முடிஞ்ச உடனே ஒர்க்‌ஷாப்பு தொறந்துட்டீரோ?" என்றார். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டு சக்கரமும் முடிந்து ஜாக்கியை இறக்கியதும், மச்சான்மார் இருவரையும் விட்டுக் காரை முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார் மாமா. தங்கையைத் தூக்க மடித்த கை, காரைத் தள்ள உதவியது. பிறகு என்னை ஏறி உட்காரச் சொன்னார். உப்பு மூட்டைக்குப் பதிலாக என் மடியில் பேண்டுக்காரரின் பெரிய டிரம்மை வைத்தார்கள். அளவுகுச்சி வீட்டில் கிடந்தது. அத்தையே பக்கத்தில் வந்து நின்று, முக்காட்டை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, சீட்டின் விளிம்பைத் தன் தொடையோரமாக வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வெரக்கடை வேணும்."

"ரெண்டா? ஒன்னு போதாதா?" என்று தரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ரெண்டுன்னா ரெண்டு."

கல்யாணமான பிறகு அவர்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமா மறுபடி உள்ளே போனார். திருகினார், இறக்கினார், உருட்டச் சொன்னார். நானும் டிரம்மும் மறுபடி ஏறினோம். அத்தை மறுபடி அளந்து பார்த்துத் தலையாட்டினாள்.

நான் இறங்கியதும் அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கையைக் கதவின் மேலும் மறு கையைச் சீட்டின் மேலும் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தாள். வலது காலை நீட்டியபடியே சுழற்றி உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். அவள் அண்ணன்மாரில் மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேண்டுக்காரரை, "ஏன்வே நிப்பாட்டிட்டீரு? வாசியும்வே!" என்று அதட்டினார்.

மாமா புழுதி முதுகோடு கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனார்.

எனக்கோ மனசு ஆறவில்லை. சுற்றி இத்தனை நடந்தும், நான் கண்டதெல்லாம் எங்கள் கார் மறுபடி காலித் தோணியாகிவிட்டது என்பதுதான். கூட்டத்தில் அந்தத் திரேஸ்புரத்துப் பையன் எங்கேயோ நின்று சிரித்துக்கொண்டிருப்பான். இந்த அநியாயத்தை யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும். புது அத்தையிடம் சொன்னால் மாமாவிடம் எடுத்துச் சொல்வாள் என்று நம்பி, கதவோரம் போய் நின்றேன்.

"அத்த, கார இன்னும் தாழ்த்தி வச்சா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழகாத்தான்லே இருக்கும், ஆனா நான் வெளியல்லா நிப்பேன்."