ஆற்றில் விடாத நீலப்பூ

வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் அந்த நீலப்பூவை முதலில் பார்த்தவன் வைரக்கண்ணு. அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். போகிற வழியில் புதிதாக எது முளைத்திருந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பான். இந்தக் குணத்தை ஊரெல்லாம் சொல்லிப் பூரிப்பது அவன் அக்கா தங்கமணிதான்.

மாசியில் வெளிமாநிலத்திலிருந்து வந்த மெஷினை அங்கேதான் கழுவினார்கள். சேறு கரைந்த இடத்தில் ஆனித் தண்ணீர் ஏறியதும் ஏதோ தளிர்த்தது, ஆடியில் பூத்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகக் கிடக்கிற விடியலில், பூக்கள் மட்டும் ஒன்றையும் தொடாமல் மிதப்பதுபோலத் தெரியும். பல் துலக்க வந்த தங்கமணி வாய் கொப்பளிக்க மறந்து நிற்பாள்.

வைரக்கண்ணு சொல்லியனுப்பி, கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். வேரோடு ஒரு செடி எடுத்துக்கொண்டார். இது இந்தப் பக்கத்துச் செடியே இல்லை, இங்கே யாரும் பார்த்ததில்லை என்றார். காய் முற்றி விதை தண்ணீரில் விழுந்தால் நடவு வயலை மூடிவிடும், அதற்குள் பிடுங்கிவிடுங்கள் என்றும் சொன்னார். தங்கமணி மனதில் முதல் பாதிதான் தங்கியது. பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட ஆளுக்கு ஒரு கை நீலப்பூ தருவதாகத் தெருப் பெண்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"பொண்ணு பாக்கச் சொன்னா உன் தம்பி பூவைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு நாகம்மாள்.

பெருக்கன்று விடியலில் கூடையோடு போனாள். வைரக்கண்ணு முழங்கால் தண்ணீரில் நின்று செடிகளைப் பிடுங்கிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கூடை மட்டும் தாடா. சொல்லிட்டு வந்துட்டேன்."

"காய் பிடிச்சிருக்குக்கா. ஆத்துல விட்டா அது போற ஊரெல்லாம் முளைக்கும்."

கையிலிருந்த பூவையே வெகுநேரம் பார்த்தான். "மொதல்ல பாத்தவன் நான். நானே பிடுங்கிடறேன்."

தங்கமணி கூடையைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவன் விட்ட இடத்திலிருந்து சேற்றுக்குள் கைவிட்டு ஒவ்வொரு வேராகத் துழாவினாள். வெயில் ஏறியபோது வாய்க்காலில் வெறும் வானம் கிடந்தது. குவியலை நன்றாகக் காயவிட்டுக் கொளுத்துவதாக அவன் சொன்னான்.

ஆற்றுப்படியில் பெண்கள் காப்பரிசியும் கருகமணியுமாகக் காத்திருந்தார்கள். தங்கமணி அரளிப்பூவோடு இறங்கினாள்.

"நீலப்பூ எங்கடி?" என்றாள் நாகம்மாள்.

"என் தம்பி ஒண்ணு விடாம பிடுங்கிட்டான்," என்றாள் தங்கமணி. அதைச் சொல்லும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.