கூண்டை நோக்கித் திருப்பிய படம்

மகள் இந்தியன் இங்க் குப்பியைத் திறந்ததும் வீடெல்லாம் அந்த வாடை. கற்பூரத்தோடு எதையோ கருக்கியதுபோல ஒரு கறுப்பு வாடை. அவளுடைய சித்திரப் பாடத்துக்காகப் பம்பலப்பிட்டிக் கடையில் நான்தான் வாங்கி வந்தேன். வாங்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. மூடி திறந்த பிறகுதான், வெள்ளவத்தைக் கடற்காற்றையும் தள்ளிக்கொண்டு, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நாங்கள் உட்காரும் மர வாங்கு நினைவில் வந்தது. வாங்கின் மறுமுனையில், மடியில் தாளும் கையில் பென்சிலுமாக அவர் வந்தார்.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் நடந்த சிறிய பத்திரிகைக்கு நான் நீதிமன்றச் செய்தியாளன். வழக்கு மன்றத்துக்குள் கமராவுக்கு இடமில்லை. அதனால் பத்திரிகையின் ஓவியரான அவர் என்னோடு வருவார், கூண்டில் நிற்பவர்களைப் பென்சிலால் கீறுவார், பின்னேரம் அலுவலகத்தில் அதன்மேல் இங்க் ஓட்டுவார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் மகள். என்னைவிட ஒரு வயது இளையவர். எல்லோருக்கும் அவர் ‘ஆர்ட்டிஸ்ட்’. அவருக்கு நான் ‘ரிப்போட்டர்’. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நீதவான் இடைவேளைக்கு எழுந்து போனதும், கீறிய படத்தைக் கூண்டை நோக்கித் திருப்பிப் பிடிப்பார். நிற்பவர் தலையாட்டினால் படம் பத்திரிகைக்கு. மறுத்தால் அந்த இடத்திலேயே கிழித்துவிடுவார். எத்தனை நல்ல படங்கள் அப்படிப் போயின! ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். “ஆர்ட்டிஸ்ட், உங்களுக்கு விசரோ? கள்ளனிட்டையும் கேட்டோ படம் போடுறது?” என்று நானும் கேட்டிருக்கிறேன். “கள்ளனோ இல்லியோ, மூஞ்சி அவரோடதுதானே ரிப்போட்டர். நம்மளோடதா?” என்று சிரிப்பார்.

ஒருநாள் ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். லொட்ஜ் ஒன்றில் நடந்த சுற்றிவளைப்பில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவன். இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. வலது கண்ணால் மட்டும் மன்றத்தைத் துழாவித் தாயைத் தேடினான். இது வரவேண்டும், இந்தக் கண் முதற்பக்கத்தில் வரவேண்டும் என்று எனக்குள் ஒன்று குதித்தது. அதில் நீதி எவ்வளவு, செய்தியாளனின் பசி எவ்வளவு என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னர் தாய் எங்கள் வாங்கருகே வந்து குனிந்தார். “பிள்ளை, அவன்ரை கண்ணை நல்லாக் கீறிவிடம்மா. தேப்பன் படுக்கையிலை. காலமை உங்கடை பேப்பரைத்தான் பாக்கிறவர். இந்தக் கோலத்தைப் பாத்தா மனுசன் தாங்காது.” ஆர்ட்டிஸ்ட் இன்னொரு தாள் எடுத்தார். அதில் இரண்டு கண்களும் திறந்திருந்தன.

நீதவான் எழுந்து போனார். ஆர்ட்டிஸ்ட் இரண்டு படங்களையும் ஒரே நேரத்தில் கூண்டை நோக்கி உயர்த்தினார். சிறைக்காவலன் “மொகத கரன்னே?” என்று, என்ன செய்கிறாய் எனச் சிங்களத்தில் அதட்ட, “பொட்டக் இன்ன, மல்லி” என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, அவனைத் தம்பியாக்கி நிறுத்திவைத்தார். இளைஞன் தாயைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு நாடியை உயர்த்தி, கண் வீங்கிய படத்தைக் காட்டினான். தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே விறாந்தைக்கு வந்து, “அப்ப மற்றதை எனக்குத் தாவன், அவருக்குக் காட்ட” என்று கை நீட்டினார். “ஒங்க மகன் வேணாம்னுட்டாரும்மா” என்று சொல்லி, ஆர்ட்டிஸ்ட் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். நானாக இருந்தால் கிழித்திருக்க மாட்டேன். கொடுத்திருப்பேன். இன்றுவரை எது சரி என்று எனக்குத் தெரியாது.

படம் வந்தது. அடுத்த தவணையில் இளைஞனை வைத்தியரிடம் காட்ட உத்தரவானது. படத்தாலா, சட்டத்தரணியின் வாதத்தாலா, யார் கண்டது? அன்று தாய் வந்து சொன்னதுதான் மறக்கவில்லை. “கத்தரிக்கோலாலை உங்கடை படத்தை வெட்டி எடுத்திட்டுத்தான் பேப்பரைக் குடுத்தனான். மனுசன் அந்த ஓட்டையைத் தடவித் தடவிப் பாத்தார். ஒண்டும் கேக்கேல்லை.” ஆர்ட்டிஸ்ட் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கவுமில்லை, தன் செயலுக்கு நியாயம் சொல்லவுமில்லை. அப்படி நிற்க எனக்கு இன்னும் வரவில்லை.

பிறகு சிவில் உடையில் இரண்டுபேர் அலுவலகத்துக்கு வந்து ஆர்ட்டிஸ்டை அந்தப் படம் பற்றி விசாரித்துப் போனார்கள். மறுவாரமும் வந்தார்கள். மலைநாட்டில் இருந்த அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று அவர் முடிவெடுத்தார்.

நேற்றுக் காலி வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. விழுந்து கிடந்த பையனைச் சுற்றி எத்தனை கைபேசிகள்! தண்ணீர்ப் போத்தலோடு ஒரேயொரு கை. வீட்டுக்கு வருமுன் அவன் முகம் என் கைபேசிக்கும் வந்துவிட்டது. இன்று இந்த இங்க் வாடை. மேசை இலாச்சியைத் திறந்து, மடிப்புவிழுந்த தாளை எடுத்து மகளிடம் காட்டினேன். “அப்பா, இந்தப் படத்திலை ஏன் இப்பிடிப் பயந்துபோய் இருக்கிறியள்?” என்று கேட்டாள்.

ஆர்ட்டிஸ்ட் மலைக்குப் புறப்பட்ட அன்று கோட்டை ரயில் நிலையத்தில் கீறியது அது. “போறதுக்கு முதல் என்னையும் ஒருக்காக் கீறுங்கோவன்” என்று கேட்டவன் நான்தான். துணிந்த செய்தியாளன் ஒருவன் வருவான் என்று நினைத்திருந்தேன். தாளில், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையைத் தேடித் தடவும் மனிதன் இருந்தான். ரயில் அசைந்தது. அவர் ஜன்னலுக்குள்ளிருந்து தாளை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் தலையை மட்டும் ஆட்டி, தாளை எட்டி வாங்கிக்கொண்டேன். ஆகவே எங்களுக்கிடையில் கடைசியாகப் பேசப்பட்டது அவருடைய கேள்விதான்:

“சொல்லுங்க ரிப்போட்டர், இருக்கட்டுமா, கிழிச்சிரவா?”