முனுசாமி அண்ணனின் நடையும் என் நடனமும்

வேலை ஐடியில், ஆசை பரதத்தில். இருபது நிமிடம் மேடையில் ஆடப் புதிதாக ஒரு உருப்படி வேண்டும் என்றுதான் போன புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தேன். பக்தி என்று எழுதினால் பொய்.

கரையான்சாவடியிலிருந்து பதினைந்து பேர். சுமார் 130 கி.மீ., நான்கு நாள், வெறுங்கால். சாப்பாட்டுக்குத் தலைக்கு 800 ரூபாய். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். காலை நாலரைக்குக் கிளம்பித் திருவள்ளூர் சேரும்போது மதியம் பன்னிரண்டரை.

ஆட்டோ ஓட்டும் முனுசாமி அண்ணன் எனக்கு முன்னால் நடந்தார். மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்த்திக்கடன். இரண்டாம் நாள், ஊத்துக்கோட்டை ரோட்டில் அவர் வலது கால் கொப்பளித்துவிட்டது. இழுத்து இழுத்து நடந்தார். மூன்று, நாலு. மூன்று, நாலு. ஏழு எண்ணிக்கைத் தாளம், சுத்தமான மிஸ்ர சாபு! எனக்குச் சிலிர்த்தது.

"பாப்பா, இந்தப் பைய கொஞ்ச தூரம் புட்ச்சிக்கினு வர்றியா?"

"ஒரு நிமிஷம்ணா, அப்படியே நடங்க" என்று சொல்லிவிட்டு வீடியோ எடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் ஊத்துக்கோட்டை வரை போனது. பையை நான் வாங்கவே இல்லை.

மறுநாள் நாகலாபுரத்தில் அவர் கால் வீங்கி, பஸ் ஏறித் திரும்பிவிட்டார். நான் மலை ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து வானகரத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் ஆண்டு விழாவில் அந்த நடையை உருப்படியாக்கி ஆடினேன். நொண்டி நடக்கும் பக்தர் கடைசியில் சன்னதியில் கைகூப்பி விழுவார். எழுந்து நின்று கைதட்டினார்கள். முனுசாமி அண்ணனைப் பெருமையாக வேறு கூப்பிட்டிருந்தேன். தன் ஆட்டோவில் மகளோடு வந்திருந்தார்.

"சூப்பரா கீதும்மா" என்றார். "ஆனா நான் எங்க மல ஏறுனேன்? பாதில ஊட்டுக்கு வந்தவன் நானு. என் கால வெச்சி நீ ஏறிட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

நடக்கப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும், ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு. கொப்பளத்தை உடைக்காதீர்கள். பக்கத்தில் நடப்பவர் உதவி கேட்டால் போனை உள்ளே வையுங்கள்.

அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அடுத்த மாதம் ஆவடியில் ஒரு விழாவில் அதே உருப்படியைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.